பெட்டியைக் கடைசியில் பாருங்கள்: நுட்பமான கருவிகளுக்குப் பாதுகாப்புப் பெட்டி செய்யச் சொல்லும் முன்

கருவிப் பெட்டி கேட்டு வருகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் காரியம், மாதிரிக்கு வைத்திருக்கும் பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது. டொக்கென்று கெட்டியாகச் சத்தம் வந்தால் முகத்தில் ஒரு திருப்தி. அடுத்த கேள்வி, "மேலே ஏறி நின்னா தாங்குமா?" தாங்கும். ஆனால் உள்ளே இருக்கிற கருவி பிழைக்குமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. கருவியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் வெளியே இருக்கிற பலகையோ பிளாஸ்டிக்கோ இல்லை. பலகைக்கும் கருவிக்கும் நடுவே இருக்கிற ஃபோம்தான். அதனால் கையில் இருக்கிற பணத்தை எங்கே செலவழிப்பது என்று குழம்பினால், முதலில் ஃபோமுக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தில் பெட்டி.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளப் பக்கம் ஏறும் முக்கியமான சாலைகள் மூன்று. கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, போடியிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளோடு கருவிகளும் இந்த வழிகளில் ஏறி இறங்குகின்றன. சர்வேக்காரர் நிலத்தில் கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன், மருத்துவ முகாமுக்குப் போகும் நுண்ணோக்கியும் ஈசிஜி மெஷினும், ஏலக்காய் வியாபாரியின் எலக்ட்ரானிக் தராசு, கல்யாண வீடியோக்காரரின் கேமரா, திருவிழா மைக் செட்டின் மிக்சர். சமதரையில் காரின் பின்சீட்டில் போர்வை சுற்றிக் கொண்டுபோனால்கூடத் தப்பித்துவிடும் சாமான்கள் இவை. தோட்டத்து மண் பாதையில் ஜீப்பின் பின்பக்கத்தில் அது நடக்காது.

முதலில், அடி என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு பொருள் விழுவதால் உடைவதில்லை. விழுந்து, சட்டென்று நிற்பதால் உடைகிறது. இடுப்பு உயரத்திலிருந்து, அதாவது சுமார் 75 செ.மீ. உயரத்திலிருந்து கை நழுவி விழும் பொருள், தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பெரிய வேகமில்லை. ஆனால் சிமெண்ட் தரையில் அந்த வேகம் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டால், கருவி தன் எடையைப் போல் 750 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். அதே வேகம் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் மெதுவாக அடங்கினால் சராசரியாக 30 மடங்குதான். கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிக்கிறவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வது இதற்காகத்தான். இந்த மடங்கைத்தான் 'ஜி' என்பார்கள்.

கணக்கு மிகச் சுலபம்: விழும் உயரத்தை, நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தால் வகுத்தால் சராசரி ஜி வந்துவிடும். உச்சபட்ச அடி இந்தச் சராசரியைவிட அதிகமாகத்தான் இருக்கும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. 5 செ.மீ. ஃபோம் போட்டால் 5 செ.மீ. தூரம் கிடைத்துவிடாது. ஃபோம் ஏறத்தாழப் பாதி வரைதான் ஒழுங்காக அமுங்கும். அதற்கு மேல் இறுகிப் பலகை மாதிரி ஆகிவிடும். ஆக 5 செ.மீ. ஃபோமில் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது இரண்டரை.

எது எவ்வளவு ஜி தாங்கும்? பேக்கிங் துறையில் காலங்காலமாகப் புழங்கும் ஒரு அட்டவணை உண்டு. துல்லியமாகச் சீரமைத்து வைத்த அளவுக் கருவிகளுக்கு 15 முதல் 25 ஜி, டிவி போன்ற சாமான்களுக்கு 60 முதல் 85, கனமான இயந்திரங்களுக்கு 115-க்கு மேல். இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். தயாரிப்பாளர் தரும் எண் கிடைத்தால் அதுதான் சரி. ஆனால் மிக்சருக்குப் போதுமான ஃபோம் டோட்டல் ஸ்டேஷனுக்குப் போதாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. மிக்சருக்கு 5 செ.மீ. தாராளம். நுட்பமான அளவுக் கருவிக்கு எட்டு, பத்து சென்டிமீட்டர் என்று போக வேண்டியிருக்கும். பெட்டி பெரிதாகிறதே என்று வருத்தப்படுவார்கள். பெரிதாகத்தான் செய்யும்.

உயரத்தையும் நாமாக யூகிக்க வேண்டியதில்லை. பேக்கிங் சோதனைகளுக்கு விதி வகுக்கும் இஸ்டா என்ற சர்வதேச அமைப்பு, எடையைப் பொறுத்து எவ்வளவு உயரத்திலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. அதன் அடிப்படைச் சோதனையில் 10 கிலோவுக்குக் குறைவான பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்தும், 10 முதல் 19 கிலோ வரையுள்ளதை 61 செ.மீ. உயரத்திலிருந்தும், 19 முதல் 28 வரை 46, 28 முதல் 45 கிலோ வரை 31 செ.மீ. உயரத்திலிருந்தும் போடுவார்கள். எடை கூடக் கூட உயரம் குறைகிறது, பார்த்தீர்களா? சின்னப் பெட்டியை ஜீப்புக்கு மேலிருந்து ஒருவர் தூக்கிப்போட, கீழே இருப்பவர் பிடிப்பார். பெரிய பெட்டியை யாரும் அப்படி எறிய மாட்டார்கள். இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்குவார்கள். அதனால் ஒரு கிலோ கேமராவுக்குச் சின்னப் பெட்டி போதும், ஃபோமும் கொஞ்சம் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அதிக உயரத்திலிருந்து விழ வாய்ப்புள்ளதே அந்தப் பெட்டிதான்.

இனி, பலரும் நம்ப மறுக்கிற ஒரு விஷயம். ஃபோம் அதிகமாகக் கருவியைத் தொட்டால் அதிகப் பாதுகாப்பு என்பது தவறு.

லேப் வைத்திருக்கும் தம்பி ஒருவர் நுண்ணோக்கிக்குப் பெட்டி செய்யச் சொல்லியிருந்தார். அடிப்பக்க ஃபோமில் நடுப்பகுதியை நான் வெட்டி எடுப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, காசு முழுசுக்கும் வாங்கிட்டு ஃபோமைக் குறைக்கிறீங்களே" என்றார்.

"குறைச்சாத்தான் தம்பி அது அமுங்கும். இந்தக் கட்டையை ஒத்தை விரலால அமுக்குங்க. இப்ப உள்ளங்கையை விரிச்சு அதே பலத்துல அமுக்குங்க."

விரலுக்கு அமுங்கிய ஃபோம், கைக்கு அசையவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

கணக்காகச் சொன்னால் இப்படி. நுண்ணோக்கி 6 கிலோ, அடிப்பாகம் 20-க்கு 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 400 சதுர சென்டிமீட்டரில் 6,000 கிராம். சதுர சென்டிமீட்டருக்கு 15 கிராம். கன மீட்டருக்கு 35 கிலோ அடர்த்தியுள்ள பாலி எத்திலீன் ஃபோம், ஏறத்தாழ 40 முதல் 80 கிராம் வரை பாரம் வந்தால்தான் நன்றாக வேலை செய்யும். 15 கிராம் பாரத்துக்கு அது அசையாது. நுண்ணோக்கி பலகைமேல் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். முழுப் பரப்புக்குப் பதிலாக இரண்டு பக்கமும் 7 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை மட்டும் விட்டால் தாங்கும் பரப்பு 140. பாரம் 43 கிராம். இப்போது ஃபோம் தன் வேலையைச் செய்யும். அதற்காகப் பட்டையை ஒல்லியாக்கிக்கொண்டே போகவும் கூடாது. உயரத்தில் ஒன்றே கால் மடங்குக்கும் கொஞ்சம் கூடுதலாகவாவது அகலம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி விழும்போது பட்டை அமுங்காமல் பக்கவாட்டில் மடிந்துவிடும். 5 செ.மீ. உயரத்துக்கு 7 செ.மீ. அகலம் வந்தது அப்படித்தான்.

எடை மிகக் குறைவான லென்ஸ், சின்ன ட்ரோன் போன்றவற்றுக்கு வேறு வழி: மெத்தென்ற பாலியூரித்தேன் ஃபோம். மெத்தைக் கடைக்காரர்கள் பியூ ஃபோம் என்பார்கள். குறைந்த பாரத்துக்கே அமுங்கும். ஆனால் கனமான கருவியை இதில் வைத்தால் வைத்ததுமே பாதி அமுங்கிப் போயிருக்கும்; விழும்போது அமுங்க மிச்சம் எதுவும் இருக்காது. இதற்கு இன்னொரு குறையும் உண்டு. இதன் துளைகள் ஒன்றோடொன்று திறந்தவை என்பதால் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குமுளி மழைக்கு அது சரிப்படாது. பாலி எத்திலீன் ஃபோமின் துளைகள் மூடியவை, தண்ணீர் ஏறாது. அதிலேயே 'கிராஸ் லிங்க்' என்று கேட்டு வாங்கினால் மேற்பரப்பு வழவழவென்று இருக்கும். பெயிண்டையும் திரையையும் உராயாது, துகள் உதிராது. விலை கூடுதல்தான். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் ஈவிஏ ஷீட், ஸ்பானரும் ஸ்க்ரூடிரைவரும் வரிசையாக வைக்கும் தட்டுக்கு நல்லது. அடியைத் தாங்குவதற்கு அது கெட்டி. தெர்மாகோல் ஒரு முறை அடி வாங்கினால் நொறுங்கும், பிறகு பழைய நிலைக்கு வராது. புதுக் கருவியோடு வந்த தெர்மாகோலையே வருடக்கணக்கில் பயன்படுத்துகிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

சின்னச் சின்னக் கட்டங்களாகக் கீறி வரும் ஃபோம் ஒன்று உண்டு. கருவியின் வடிவத்துக்கு வேண்டிய கட்டங்களை மட்டும் கையால் பிய்த்து எடுத்துவிடலாம். வருடத்துக்கு இரண்டு தடவை வெளியே எடுக்கும் கேமராவுக்குப் பரவாயில்லை. தினம் ஜீப்பில் ஏறும் கருவிக்கு வேண்டாம். ஓரக் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, குழி அகலமாகிவிடும்.

குழி அகலமானால் என்ன? அதுதான் இரண்டாவது எதிரி. பெட்டி ஒரு தடவைகூட விழாமலிருக்கலாம், ஆனால் ஜீப்பின் உதறல் பயணம் முழுக்க இருக்கும். கருவிக்கும் ஃபோமுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே கருவி உள்ளே ஆட ஆரம்பிக்கும். ஸ்க்ரூ தளரும், கனெக்டர் கழலும், ஆணி இல்லாத இடத்திலும் கீறல் விழும். அதனால் குழியைக் கருவியைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சிறியதாகவே வெட்ட வேண்டும். மூடியில் இருக்கும் ஃபோமும் மூடும்போது லேசாக அழுத்த வேண்டும். ஆனால் எங்கே அழுத்துகிறது என்பது முக்கியம்: அடித்தட்டு, உடம்பு, கைப்பிடி போன்ற பலமான இடங்களில் மட்டும். திரை, குமிழ், ஜாய்ஸ்டிக், லென்ஸ் இருக்கும் இடங்களில் ஃபோமைத் தோண்டி வெற்றிடம் விட வேண்டும். தராசாக இருந்தால் மேல்தட்டைக் கழற்றித் தனிக் குழியில் வையுங்கள். தட்டின்மேல் விழும் அழுத்தம் நேரே உள்ளே எடையை உணரும் பாகமான லோடு செல்லுக்குப் போகும். பிறகு தராசு காட்டுகிற எடையை யார் நம்புவது? ஏலக்காய் விற்கிற விலைக்கு அது சண்டையில்தான் முடியும்.

இன்னொன்று, விரல் நுழைய இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் கேபிளையோ கண்வில்லைக் குழாயையோ பிடித்துத்தான் இழுப்பார்கள். நல்ல பெட்டியில் வைத்தே கெட்டுப்போன கருவிகள் உண்டு.

மலை ஏறுகிறவர்களுக்கு மட்டும் வரும் ஒரு வினோதப் பிரச்சினை, காற்றழுத்தம். மூடியின் விளிம்பில் கேஸ்கெட் என்ற ரப்பர் வளையம் வைத்துக் காற்றே புகாதபடி மூடும் பிளாஸ்டிக் பெட்டி வாங்கியிருக்கிறீர்கள். மூணாறில் வைத்து மூடுகிறீர்கள். அங்கே உயரம் சுமார் 1,500 மீட்டர். போடிக்கு இறங்கி வந்தால் 400 மீட்டருக்கும் கீழே. நூறு மீட்டருக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலாக அழுத்தம் மாறுகிறது. உள்ளே மலைக்காற்று, வெளியே அதைவிட அழுத்தமான சமவெளிக்காற்று. மூடி 50-க்கு 40 செ.மீ. என்றால் அதன்மேல் 200 கிலோவுக்கு மேல் அழுத்தும். கொக்கி எல்லாம் எடுத்தாச்சு, மூடி மட்டும் வராது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புகிறவர்கள் கேஸ்கெட்டைக் கிழித்து வைப்பார்கள். இதற்காகத்தான் அப்படிப்பட்ட பெட்டிகளில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. திருகித் திறக்கும் வகையும் உண்டு. காற்றை மட்டும் விட்டுத் தண்ணீரை விடாத சவ்வு வைத்த தானியங்கி வகையும் உண்டு. மலைப் பாதைக்குத் தானியங்கி வகையைப் பார்த்து வாங்குங்கள். திருகும் வால்வை மலை இறங்கிய களைப்பில் யாரும் நினைவு வைத்திருப்பதில்லை.

ஈரத்துக்கு வருவோம். கம்பம் பக்கம் மழை மறைவுப் பகுதி, தூசி அதிகம். மேலே ஏறினால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும். ஒரே பெட்டி, ஒரே நாளில் இரண்டையும் பார்க்கும். பெட்டியில் ஐபி 67 என்று போட்டிருந்தால், முதல் எண் 6 தூசி அறவே புகாது என்பதையும், 7 ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடுதலில்லை என்பதையும் சொல்கிறது. நமக்கு அவ்வளவு தேவையா? ஓடை கடக்கிற சர்வே வேலைக்கு வேண்டும். வண்டியிலிருந்து மண்டபத்துக்குள் போகும் மிக்சருக்கு ரப்பர் பீடிங் வைத்த பிளைவுட் பெட்டியும் மேலே ஒரு தார்ப்பாயும் போதும்.

வெளி ஈரத்தைவிடத் தொல்லை, நாமே உள்ளே வைத்து மூடுகிற ஈரம். நனைந்த கருவியைத் துடைக்காமல் வைத்துக் கொக்கி போட்டால், நன்றாக மூடுகிற பெட்டி அந்த ஈரத்தையும் நன்றாகவே பாதுகாக்கும். சில வாரங்களில் லென்ஸில் பூஞ்சை இழை ஓடும். கீழே வெக்கையில் மூடிய பெட்டியை மூணாறு குளிரில் கொண்டுபோய் வைத்தாலும் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் கண்ணாடியில் பனியாகப் படியும். ஒரு 50 கிராம் சிலிக்கா ஜெல் பையை உள்ளே போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று தெரியும். சுமார் 120 டிகிரி சூட்டில் வறுத்தால் மறுபடி பயன்படும். ஏசி காரிலிருந்து இறக்கிய பெட்டியைப் புழுக்கத்தில் உடனே திறக்காமல், கொஞ்ச நேரம் மூடியபடியே விடுவது நல்லது.

சரி, இப்போது வெளிப்பெட்டி. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் எடை குறைவு, தண்ணீருக்கு நல்லது, ஆனால் கம்பெனி தருகிற அளவில்தான் கிடைக்கும். உள்ளே ஃபோம் மட்டும் நம் விருப்பம். பிளைவுட்டில் லாமினேட் ஒட்டி, ஓரத்தில் அலுமினியப் பட்டையும் மூலையில் உருண்டை இரும்பும் அடிக்கிற பெட்டி எந்த அளவுக்கும் செய்யலாம், உள்ளூரிலேயே பழுது பார்க்கலாம், ஆனால் கனம். மெல்லிய அலுமினிய ஷீட் பெட்டி பார்க்க அழகு. ஒரு அடி விழுந்து நசுங்கினால் மூடி சேராது. எனக்கு அதில் அபிப்பிராயமில்லை.

யார் தூக்கப் போகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். தோட்டத்துப் பாதையில் தலைச்சுமையாகப் போகும் பெட்டிக்கு அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்தால் தூக்குகிறவர் திட்டுவார். மிக்சர், ஆம்ப்ளிஃபயர் ரேக்குக்குச் சக்கரம் வேண்டும், ஆனால் பூட்டுகிற சக்கரமாக இருக்கட்டும். கொண்டை ஊசி வளைவில் வண்டிக்குள் உருண்டு போய்க் கதவில் மோதக் கூடாது.

அளவு எடுக்கும்போது துருத்திக்கொண்டிருப்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். அந்த நுண்ணோக்கியின் அடிப்பாகம் 20-க்கு 20 என்றாலும் கண்வில்லை வரை பார்த்தால் ஆழம் 28, உயரம் 40 செ.மீ. வந்தது. எல்லாப் பக்கமும் 5 செ.மீ. ஃபோமுக்கு விட்டால் உள்ளளவு 30, 38, 50. அதற்கு மேல் பலகைக் கனம், கொக்கி, கைப்பிடி. அது வண்டிக்குள் நுழையுமா என்று பெட்டி செய்வதற்கு முன்பே டேப் வைத்துப் பாருங்கள். பிறகு கருவியைச் சார்ட் தாளில் படுக்க வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, பலமான இடம் எது, தொடக் கூடாத இடம் எது என்று குறித்துக் கொடுங்கள். செல்போன் படம் மட்டும் அனுப்பினால் போதாது, படத்தில் அளவு தெரியாது.

பெட்டி கைக்கு வந்ததும் கருவியை வைத்துச் சோதிக்காதீர்கள். அதே எடைக்குச் செங்கல்லையோ மணல் பையையோ அதே வடிவில் கட்டி, அடியில் சுண்ணாம்புப் பொடி தடவி வைத்து, முட்டி உயரத்திலிருந்து போடுங்கள். ஃபோமைத் தாண்டிப் பலகையில் பொடி ஒட்டியிருந்தால் ஃபோம் போதவில்லை. பிறகு பெட்டியைக் காதருகில் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது தட்டினால் குழி பெரிது.

பேட்டரியைக் கழற்றித் தனிக் குழியில் வைப்பது நல்லது. கொச்சியிலோ மதுரையிலோ விமானம் ஏறினால் உபரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், கீழே போகும் பெட்டியில் விட மாட்டார்கள். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட் அவர் வரை என்றால் கேள்வியில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மில்லி ஆம்பியர் அவரை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் அவர். மூடியின் உள்பக்கம் சாமான் பட்டியலும் சீரியல் எண்ணும் ஒட்டி வைத்தால் எல்லை தாண்டும்போது கேள்வி வந்தால் கைகொடுக்கும். ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள கருவியை மாநிலம் தாண்டி அனுப்பினால், விற்பனை இல்லையென்றாலும் டெலிவரி சலானும் இ-வே பில்லும் வேண்டும்.

ஃபோமுக்கும் ஆயுள் உண்டு. வெயிலில் காய வைத்தால் பியூ ஃபோம் மஞ்சளாகிப் பொடியும். நிழலில் காய வையுங்கள். கருவி உட்காரும் இடத்தில் கட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். பள்ளம் எழும்பி வராவிட்டால் மாற்ற வேண்டும். பெட்டியை மாற்றத் தேவையில்லை, ஃபோமை மட்டும் வெட்டிப் போட்டால் போதும். வரைந்த சார்ட் தாளைப் பத்திரமாக வைத்திருந்தால், அதற்காகக் கருவியைத் தூக்கிக்கொண்டு கடை வரை வர வேண்டியதில்லை.